நைஜர் டெல்டாவும் யூப்பிக் டெல்டாவும்: தலைக்கு எத்தனை டாலர் என்பது மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வறுமையைப் பேசும் கட்டுரைகளில் நைஜீரியர்களையும் அலாஸ்காவின் யூப்பிக் பழங்குடியினரையும் அருகருகே நிறுத்தி, தலைக்கு ஆண்டு வருமானம் இத்தனை டாலர் என்று போட்டு, முன்னவர் ஏழை, பின்னவர் பரவாயில்லை என்று முடித்துவிடுகிறார்கள். டாலர் கணக்கு பொய்யில்லை. அந்த டாலர் எந்த ஊரில் எதை வாங்குகிறது என்று கேட்காமல் விடுவதுதான் தவறு. வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, விளக்கு எதனால் எரிகிறது, மீனை யார் அனுமதியோடு பிடிக்கிறார்கள், காலடி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். படம் வேறாகத் தெரியும்.

முதலில், ஒப்பிட எடுத்த பொருளே பொருந்தவில்லை. நைஜீரியா 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் கூட்டாட்சி நாடு. கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி, வேலை ஆகியவற்றிலுள்ள குறைகளைச் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண வறுமைக் கணக்கெடுப்பு 2022-இல் வெளியானது; அதில் நாட்டு மக்களில் 63 சதவீதம் பேர், அதாவது 13.3 கோடி பேர், வறியவர்கள் என்று வந்தது. அதே கணக்கில் தென்மேற்கிலுள்ள ஒண்டோ மாநிலத்துக்கு 27 சதவீதம், வடமேற்கிலுள்ள சொக்கோட்டோவுக்கு 91 சதவீதம். இந்த இரண்டையும் சராசரியாக்கி 'நைஜீரியர்' என்று ஓர் ஆளை உருவாக்கினால் அவர் எந்த ஊரிலும் இருக்கமாட்டார். யூப்பிக் மக்களோ சில பத்தாயிரம் பேர். பெரும்பாலோர் யூகான், கஸ்கோக்விம் என்ற இரு ஆறுகளின் டெல்டாவில், 56 கிராமங்களில் பரவி வாழ்கிறார்கள். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் டெல்டாவை டெல்டாவோடு வைக்க வேண்டும். இங்கே யூகான்-கஸ்கோக்விம், அங்கே நைஜர். இரண்டிலும் ஆறுதான் சாலை, மீன்தான் சாப்பாடு. இரண்டுமே எண்ணெயால் கஜானாவை நிரப்பிய அரசுகளின் கீழ் இருப்பவை.

வேறுபாடு தொடங்குவதும் எண்ணெயில்தான். யூப்பிக் மக்களின் காலடியில் எண்ணெய் எடுக்கப்படவில்லை. அலாஸ்காவின் பெரிய வயல் வெகு வடக்கே, ஆர்க்டிக் கரையில், இன்யூப்பியாட் என்ற வேறொரு பழங்குடி மக்களின் பகுதியிலுள்ள புரூடோ பேயில் 1968-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தெற்கே கொண்டுவர 800 மைல் குழாய் போட வேண்டும். நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீராமல் குழாய் போட முடியாது. அந்த அவசரத்தில் பிறந்ததுதான் 1971-ஆம் ஆண்டின் அலாஸ்கா பழங்குடியினர் நில உரிமைத் தீர்வுச் சட்டம். 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும் பழங்குடியினரின் கம்பெனிகளுக்குப் போயின. யூப்பிக் டெல்டாவுக்கான கம்பெனியின் பெயர் கலிஸ்டா. சட்டம் நிறைவேறிய நாளில் உயிரோடு இருந்து பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் 100 பங்குகள் கிடைத்தன. சட்டத்தின் 7(i) என்ற பிரிவுதான் முக்கியமானது. ஒரு வட்டாரக் கம்பெனி தன் நிலத்தடி வளத்திலும் மரத்திலும் ஈட்டும் வருவாயில் 70 சதவீதத்தை 12 வட்டாரக் கம்பெனிகளும் தத்தம் பங்குதாரர் எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கோ ஒரு பகுதியில் சுரங்கம் ஓடினால் யூப்பிக் கம்பெனிக்கும் ஒரு பங்கு வரும்.

இதற்கு மேல் மாநிலத்தின் நிரந்தர நிதி இருக்கிறது. 1976-இல் அரசியலமைப்பைத் திருத்தி, கனிம உரிமத் தொகையில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை இதில் போட வேண்டும் என்று விதித்தார்கள். 1982 முதல் கைக்குழந்தை உட்பட அலாஸ்காவில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை ஈவுத்தொகை வருகிறது. 2022-இல் 3,284 டாலர், 2023-இல் 1,312, 2024-இல் 1,702, 2025-இல் 1,000. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 2022-இல் 16,420 டாலர் வந்தது. மூன்றே ஆண்டில் அது 5,000 ஆகிவிட்டது. இந்தப் பணத்தை நம்பிப் படகு எஞ்சினுக்குத் தவணை கட்டும் வீடு எப்படித் தடுமாறும் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது.

நைஜர் டெல்டாவிலோ எண்ணெய் காலடியிலேயே இருக்கிறது. 1956-இல் இன்றைய பயெல்சா மாநிலத்தின் ஒலோயிபிரியில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. 1958-இல் ஏற்றுமதி தொடங்கியது. ஆனால் 1978-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி மாநிலத்தின் நிலம் முழுவதும் ஆளுநரின் பொறுப்பில். 1999-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 44(3) பிரிவுப்படி எண்ணெயும் எரிவாயுவும் கூட்டாட்சி அரசின் உடைமை. எண்ணெய் எடுக்கும் மாநிலத்துக்குக் குறைந்தது 13 சதவீதம் திரும்பி வருகிறது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் இது 50 சதவீதமாக இருந்தது. அந்த 13 சதவீதமும் மாநில அரசின் கணக்குக்குப் போகிறதே தவிர ஊரின் கைக்கு வருவதில்லை. ஊருக்கென்று நேரடியாக ஒரு வழி திறந்தது 2021-ஆம் ஆண்டின் பெட்ரோலியத் தொழில் சட்டத்தில்தான்: கம்பெனி முந்தைய ஆண்டில் செய்த இயக்கச் செலவில் 3 சதவீதத்தை ஊர் அறக்கட்டளைக்குத் தர வேண்டும். டெல்டா மக்கள் கேட்டது 10. கூடவே ஒரு கொக்கியும் உண்டு. குழாயை யாராவது சேதப்படுத்தினால் அதைச் சரிசெய்யும் செலவு அந்த ஆண்டின் ஊர்ப்பணத்திலிருந்து கழியும். இரவில் எங்கிருந்தோ படகில் வந்து குழாயை உடைப்பவர்களுக்காக, பள்ளிக் கட்டடத்துக்கு வைத்திருந்த பணம் போகும். இது நியாயமில்லை.

'அப்படியானால் நைஜீரியாவும் அலாஸ்கா மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கட்டுமே' என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அலாஸ்காவில் ஏழே கால் லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். அங்கே எடுக்கும் எண்ணெய் ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 200 பீப்பாய். நைஜீரியா நாளொன்றுக்கு 15 லட்சம் பீப்பாய் எடுத்தாலும் ஓர் ஆளுக்கு ஆண்டு முழுவதற்கும் இரண்டரைப் பீப்பாய்தான் தேறும். எடுக்கும் செலவு, கம்பெனியின் பங்கு எதையும் கழிக்காமல் மொத்தத்தையும் பிரித்தாலும் அந்தத் தொகையில் ஒரு குடும்பம் நிமிர முடியாது. பணத்தைப் பிரிப்பதால் தீராத சிக்கல் அங்கே இருக்கிறது: கெடுத்த தண்ணீரைச் சுத்தம் செய்வது.

நைஜர் டெல்டாவிலுள்ள ஒகோனி மக்களின் நிலத்தைப் பற்றி ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். நிசிசியோகென் ஓகாலே என்ற ஊரின் கிணற்று நீரில் பென்சீன் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. ஓரிடத்தில் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் தடிமனில் சுத்திகரித்த எண்ணெய் மிதந்தது. முழுதாக மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்றது அறிக்கை. இதே நிலத்துக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் மற்ற எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஒகோனி நிலத்திலுள்ள போடோவில் 2008-இல் தொடங்கிய இரு பெரும் கசிவுகளுக்காக ஷெல் நிறுவனம் 2015-இல் 5.5 கோடி பவுண்டுக்கு உடன்பட்டது. அதில் ஒரு பகுதி ஊருக்குப் பொதுவாகப் போக, வழக்குப் போட்ட 15,600 பேருக்கும் தலைக்குச் சுமார் 2,200 பவுண்டு வந்தது. அலாஸ்காவின் ஒரு நல்ல ஆண்டு ஈவுத்தொகைக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஒரே ஒரு முறை, மீன்பாடு போன பிறகு, லண்டன் நீதிமன்றம் வரை போய் வாங்கியது.

தண்ணீர் விஷயத்தில் யூப்பிக் வீடு முன்னால் இருக்கும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அலாஸ்காவில் 30-க்கு மேற்பட்ட பழங்குடிக் கிராமங்களில் இன்றும் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் கிடையாது; அவற்றில் கணிசமானவை இந்த டெல்டாவில் இருக்கின்றன. கழிப்பறை என்பது ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பை, மேலே இருக்கை. 'ஹனி பக்கெட்' என்பார்கள். பை நிறைந்ததும் கட்டி, பனிவண்டியிலோ நான்கு சக்கர பைக்கிலோ ஊர்க்கோடிக் குட்டைக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். வழியில் பை கிழிந்தால் கொட்டியது அப்படியே உறைந்து கிடக்கும். வசந்தத்தில் உருகி, பிள்ளைகள் நடக்கும் பலகைப் பாதையில் ஓடும். குடிநீரை ஊரின் பொதுச் சலவைக்கூடத்திலிருந்து குடத்தில் சுமக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றுப் பனியை வெட்டி உருக்க வேண்டும். இப்படிச் சுமக்கும் ஊர்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 6 லிட்டர் அளவே. ஒரே தொட்டியில் எல்லோரும் கைகழுவுவார்கள். இந்த ஊர்க் குழந்தைகள் நுரையீரல் தொற்றோடு மருத்துவமனைக்கு வருவது குழாயுள்ள ஊர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குழாய் போடத் தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. நிலம் ஆண்டு முழுக்க உறைந்திருக்கிறது. குழாயை அதில் புதைத்தால் அதன் சூட்டில் பனி இளகி, நிலம் அமுங்கி, இணைப்பு விடும். அதனால் தரைக்கு மேலே தூண்களில், தடித்த காப்புறையோடு கொண்டுபோக வேண்டும். தண்ணீரைச் சுடவைத்து நிற்காமல் சுற்றிவரச் செய்ய வேண்டும். ஜெனரேட்டர் சில மணி நேரம் நின்றால் போதும், கடுங்குளிரில் குழாய் வரிசையே உறைந்து வெடிக்கும். சின்ன ஊரில் இதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் ஊரை விட்டுப் போனால் கோடிக்கணக்கில் போட்ட அமைப்பு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.

நைஜீரிய நகரத்தில் நீர்வாரியக் குழாய் வறண்டு வெகுகாலமாயிற்று. வசதியுள்ளவர் வளாகத்திலேயே ஆழ்துளை போட்டு, நீர்மூழ்கி பம்ப் இறக்கி, இரும்புத் தாங்கியின் மேல் பிளாஸ்டிக் டாங்க் வைத்துக்கொள்கிறார். இல்லாதவர் அவரிடம் ஜெர்ரிகேன் கணக்கில் வாங்குகிறார். குடிக்க 'பியூர் வாட்டர்' என்ற 50 சென்டிலிட்டர் பாக்கெட். ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே ஒரு நகராட்சி. அலாஸ்காவில் ஊருக்கு ஒரு பெரிய அமைப்பு, அது நின்றால் ஊரே நிற்கிறது. லேகோஸிலும் போர்ட் ஹார்கோர்ட்டிலும் ஆயிரம் சின்ன அமைப்புகள், ஒன்று நின்றால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். நைஜீரிய வழி அதிகச் செலவு, ஏழைக்கு அநியாயம். ஆனால் சட்டென்று உடையாது. இதைத் திறமை என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த பம்ப் ஓட மின்சாரம் வேண்டும்.

20 கோடிப் பேருக்கு மேல் உள்ள நாட்டின் மின்கட்டம் பெரும்பாலும் தருவது 4,000 முதல் 5,000 மெகாவாட். அதனால் எல்லோர் வாசலிலும் ஜெனரேட்டர். மிகச் சிறியதற்கு மக்கள் வைத்த பெயரின் பொருள் 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்' என்பது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் பிளக் கரிபிடிக்கும். நான்கு லிட்டரில் ஆறேழு மணி நேரம் ஓடும். மழைக்கோ திருட்டுக்கோ பயந்து உள்ளே வைத்து ஓட்டிய வீட்டில் கார்பன் மோனாக்சைடு நிறைந்து, தூங்கியவர்கள் தூக்கத்திலேயே போகிறார்கள். 2023 மே 29 அன்று பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டது. அதுவரை 200 நைராவுக்குக் கீழ் இருந்த லிட்டர், 2025-இல் 900 நைரா அளவில் நின்றது. மாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 54 லிட்டர், அதாவது சுமார் 49,000 நைரா. 2024 ஜூலையில் உயர்த்திய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 70,000 நைரா.

யூப்பிக் ஊரிலும் மின்சாரம் டீசலில்தான். ஆற்றில் பனி உருகிய பிறகு, ஜூன் தொடங்கி அக்டோபருக்குள், சரக்குப் படகு வந்து ஆண்டு முழுவதற்குமான எண்ணெயை ஊர்த் தொட்டிகளில் நிரப்பிவிட்டுப் போகும். அன்றைய விலைதான் அடுத்த கோடை வரை விலை. தண்ணீர் தாழ்ந்தோ பனி முந்தியோ படகு வராமல் போனால் விமானத்தில் எண்ணெய் வர வேண்டும். யூனிட் 50 சென்ட்டையும் தாண்டும் மின்கட்டணத்தை மாநிலத்தின் சமன்செய்யும் மானியம் வீடுகளுக்கு மாதம் 750 யூனிட் வரை குறைத்துத் தருகிறது. கடைக்கும் பள்ளிக்கும் அது கிடையாது. அதனால் கடைச் சாமான் விலையில் அந்த மின்கட்டணமும் சேர்ந்துவிடுகிறது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கும் இந்த மானியம் இல்லை. காலன் 7 டாலர் என்று வைத்தால் 55 காலன் டிரம் 385 டாலர். 2025-இன் ஈவுத்தொகை இரண்டரை டிரம்மோடு தீர்ந்துவிடும். காப்புறை கெட்ட பழைய வீடு குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒரு டிரம்முக்கு மேல் குடிக்கும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இரு டெல்டாக்களின் பொருளாதாரமும் அதில்தான் இருக்கிறது. மேற்கு அலாஸ்காவில் ஒருவர் ஆண்டுக்கு 150 கிலோ அளவிலும் அதற்கு மேலும் காட்டுணவு சேர்க்கிறார். அதில் பெரும்பகுதி மீன். இது எந்த வருமானக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஜூனில் ராஜ சால்மன் ஏறும். பெண்கள் உலுவாக் என்ற பிறைக்கத்தியால் முதுகெலும்பை எடுத்து, தோலை அறுக்காமல் சதையில் விரல் இடைவெளிக்குக் கீறல் போட்டு, காற்றாடப் பந்தலில் தொங்கவிட்டு, பிறகு புகைவீட்டில் ஆல்டர், பாப்லர் விறகால் வாரக்கணக்கில் புகை போடுகிறார்கள். ஜூன் ஈரமில்லாத மாதம். கருவாடு நன்றாக வரும். இப்போது அந்த மீன் வெகுவாகக் குறைந்துவிட்டது. யூகானில் ராஜ சால்மனைப் பிடிக்க 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து ஏழாண்டுத் தடை போட்டன. அந்த மீனின் ஒரு தலைமுறைக் காலம் அது. 'சம்' என்ற இன்னொரு வகைச் சால்மனும் 2021 முதல் சரிந்து கிடக்கிறது. ஆய்வாளர்கள் பெரிதும் சுட்டுவது பெரிங் கடல் சூடானதை. ஊர்மக்கள் சுட்டுவது பொலாக் மீனுக்கு விரிக்கும் இழுவலைகளில் தவறிச் சிக்கும் சால்மனை. கிடைக்கும் பிற மீன் ஆகஸ்டில் வருகிறது. ஆகஸ்டில் மழை. ஈரத்தில் தொங்கும் மீனில் ஈ முட்டையிடும், பூஞ்சை படரும். அதனால் உறைபெட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல் வேண்டும்.

நைஜர் டெல்டாவில் சதுப்புக்காட்டு வேர்களில் எண்ணெய் படிந்தால் மீன்குஞ்சும் நத்தையும் வளரும் இடமே போகிறது. மீனவர் தூரம் போக வேண்டும், பெட்ரோல் கூடுகிறது. பெண்கள் சதுப்பு விறகில் போங்கா மீனைப் புகைபோட்டு விற்பது நின்ற இடங்களில், சந்தையில் இருப்பது இறக்குமதி செய்த உறைமீன். நார்வேயிலிருந்து வரும் ஒக்போரோகோ என்ற காய்ந்த காட் மீனும் உண்டு. 1967-70 உள்நாட்டுப் போரின்போது நிவாரணமாகப் பெருமளவில் வந்து, இன்று இக்போ மக்களின் சமையலில் விலக்க முடியாததாகிவிட்டது. 2023 ஜூன் வரை டாலருக்கு 460 அளவில் இருந்த நைரா, 2024-இல் 1,500-ஐத் தொட்டது. மீனும் அதோடு ஏறியது.

ஒன்றில் மட்டும் இரண்டு சமூகங்களும் ஒன்றுபோல. அலாஸ்காவின் கிராமங்களில் பத்தில் மூன்று வீடுகள்தான் ஊரின் காட்டுணவில் பத்தில் ஏழு பங்கைக் கொண்டுவருகின்றன. அந்த வீடுகளில் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஒருவர் இருப்பார். சம்பளம் பெட்ரோலாகி, பெட்ரோல் மீனாகி, மீன் முதியவர் வீட்டுக்குப் போகிறது. நைஜீரியாவிலும் ஒரு சம்பளக்காரர் மேல் பத்துப் பேர். தங்கையின் பள்ளிக் கட்டணம், ஊர்ச் சங்கத்தின் வரி, மாமாவின் மருத்துவம். தலைக்கு வருமானம் என்று கணக்கிடும்போது இந்தப் பங்கீடு முழுவதும் மறைந்துபோகிறது.

மருத்துவத்தில் மட்டும் இடைவெளி மறுக்க முடியாதது. யூப்பிக் கர்ப்பிணி 36-ஆவது வாரத்தில் கிராமத்திலிருந்து விமானத்தில் வட்டாரத்தின் மைய ஊரான பெத்தலுக்கு வந்து, பிரசவம் வரை தாய்மார் விடுதியில் தங்குகிறார். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பழங்குடியினருக்காகச் சட்டப்படி ஏற்ற கடமை அது. நைஜீரியாவில் முன்பணம் கட்டினால்தான் கட்டில் என்பது பல இடங்களில் நடப்பு. 2023-இல் மட்டும் பிரசவத்தையொட்டி சுமார் 75,000 தாய்மார் இறந்தார்கள். உலகில் நான்கில் ஒன்றுக்கும் மேல். இதன் முன் வேறெந்த ஒப்பீடும் நிற்காது. அதே சமயம், மருத்துவம் கிடைத்தும் யூப்பிக் இளைஞர்களின் தற்கொலை விகிதம் அமெரிக்கச் சராசரியைப்போல் பல மடங்கு. பிள்ளைகளைத் தூர விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன காலத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. கிராமங்களிலேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று மோலி ஹூட்ச் என்ற யூப்பிக் மாணவியின் பெயரில் நடந்த வழக்கு 1976-இல்தான் தீர்ந்தது.

கடைசியாக, கடல். நியூடாக் என்ற யூப்பிக் கிராமத்தை ஆறு தின்றது. ஒன்பது மைலுக்கு அப்பால் மெர்டார்விக்கில் புது ஊர் கட்டினார்கள். 2019-இல் தொடங்கிய குடிபெயர்வு 2024-இல் முடிந்தது. ஒண்டோ மாநிலத்தின் அயெடோரோவை, 1947-இல் உருவான கடற்கரை ஊரை, அட்லாண்டிக் தெருத்தெருவாக எடுத்துக்கொண்டிருக்கிறது; கரைத் தடுப்புக்கு ஒப்பந்தம் போட்டும் சுவர் எழவில்லை. 2025 அக்டோபரில் ஹாலாங் சூறாவளியின் மிச்சம் கிப்னுக், குவிகில்லிங்கோக் ஊர்களின் வீடுகளை அடித்தளத்திலிருந்து பெயர்த்து மிதக்கவிட்டது. 1,500-க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் விமானத்தில் ஆங்கரேஜ் நகரம் சேர்ந்தார்கள்.

இடம்பெயர்ந்தவரின் உரிமை என்னவாகும் என்பதில்தான் இரு நாடுகளும் நேரெதிர். நைஜீரியாவில் ஒருவர் லேகோஸில் பிறந்து வளர்ந்தாலும், உள்ளாட்சி தரும் பூர்விகச் சான்றிதழில் தந்தையின் ஊர்தான் இருக்கும். அயெடோரோ கடலில் போனாலும் அவர் அயெடோரோக்காரர்தான். மாநில வேலைக்கும் கல்லூரிக் கட்டணச் சலுகைக்கும் அந்தத் தாள்தான் பேசும். யூப்பிக் மனிதருக்குக் கலிஸ்டா பங்கு அவர் எங்கே போனாலும் அவரோடு இருக்கும். மீன் உரிமையோ வசிக்கும் இடத்தோடு போகிறது. 1980-ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பிழைப்புக்கான மீன்பிடியில் முன்னுரிமை தருவது கிராமப்புறவாசிக்கு மட்டுமே. ஆங்கரேஜ் அந்தச் சட்டத்தின் கண்ணில் கிராமப்புறமில்லை. வீடிழந்து அங்கே போனவர் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், சால்மன் திரும்பி வரும் ஆண்டில் அந்த முன்னுரிமை அவருக்கு இருக்காது. இடம்பெயர்ந்தோருக்கு வீடு கட்டும் திட்டங்களைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்